கிணறு சிவந்த மாரி

அந்தக் காணியைத் தெரிந்தெடுத்தது நான்தான். மூன்று காணிகளை நடந்து பார்த்து, ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டு, இதுதான் சரியான இடம் என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். பிறகு நடந்ததை ஆளாளுக்கு ஒவ்வொரு மாதிரிச் சொல்கிறார்கள். சிலர் மழையைக் குறை சொல்கிறார்கள், சிலர் நிலத்தை. என் கையெழுத்தை யாரும் சொல்வதில்லை. அதனால் நானே முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்தில் ஒரு சின்ன வரைபட அலுவலகத்தில் வேலை செய்யும் கட்டட எந்திரி. சில வருடங்களுக்கு முன் கொழும்புக்குப் போய்ப் பசுமைக் கட்டடங்கள் பற்றி ஒரு படிப்புப் படித்துவிட்டு வந்தேன். மின்சாரத்தையும் தண்ணீரையும் மரத்தையும் வீணாக்காமல் கட்டுவது எப்படி என்பதுதான் படிப்பு. அதற்குப் பிறகு அப்படியான வேலைகள் என்னைத் தேடி வரத் தொடங்கின. அவற்றில் ஒன்றுதான் அந்த முன்பள்ளி. மிசன் காலத்துத் தேவாலயம் ஒன்றின் கட்டடக் குழு, நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு முன்பள்ளி கட்ட நினைத்தது. குழுவின் தலைவி ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. எல்லோரும் ரீச்சர் என்பார்கள். எனக்கு அவர் ஒருநாளும் படிப்பித்ததில்லை, ஆனாலும் நானும் ரீச்சர் என்றே கூப்பிட்டேன்.

முதல் நாளே அவர் சொன்னது எனக்குப் பிடித்துப்போயிற்று. "கட்டடம் பிறகு பாப்பம் பிள்ளை. முதல்லை இடம். பிழையான இடத்திலை எவ்வளவு வடிவாக் கட்டினாலும் அது பிழைதான்."

இடம் தெரிந்தெடுப்பதென்பது அவர்கள் நினைத்ததைவிடப் பெரிய வேலை. வயல் நிலத்தை நிரப்பிக் கட்டக்கூடாது. வெள்ளம் போகும் வழியை மறிக்கக்கூடாது. மரங்களைத் தறிக்காமல் முடிய வேண்டும். ஏற்கெனவே ஒரு கட்டடம் இருந்த இடமாக இருந்தால் நல்லது, புதிதாக மண்ணைக் கெடுக்கத் தேவையில்லை. தாய்மார் பிள்ளைகளைப் பஸ்ஸில் கூட்டிவரக்கூடியதாக இருக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் ஒரு தாளில் வரிசையாகப் புள்ளி போடுவோம்.

முதல் காணி சாவகச்சேரிக்கு அங்கால், வயல் ஓரம். பார்த்த உடனேயே வேண்டாம் என்றேன், அது தண்ணீருக்கு உரிய இடம். இரண்டாவது அதே பக்கம், மணல் நிலம், பழைய கூட்டுறவுச் சங்கக்கடை ஒன்று இடிந்து கிடந்தது. பிரதான வீதியிலிருந்து கொஞ்சத் தூரம் நடக்க வேண்டும் என்பதால் புள்ளி குறைந்தது. மூன்றாவது உரும்பிராய்ப் பக்கம். செம்மண் வளவு, கூரையில்லாத பழைய வீடு, கிணறு, இரண்டு மாமரம், ஒரு வேம்பு. கூப்பிடு தூரத்தில் பஸ் நிற்கும். உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தபடி தேவாலயத்துக்குக் கொடுத்திருந்தார். எல்லா வரியிலும் அது முன்னுக்கு வந்தது.

அந்தத் தாளில் நிலத்தின் தன்மைக்கும் ஒரு வரி இருந்தது. அதில் 'சுண்ணக்கல், உறுதியானது' என்று எழுதினேன். யாரையும் கேட்கவில்லை, துளைபோட்டுப் பார்க்கவுமில்லை. நான் பிறந்ததே உரும்பிராயில். எங்கள் தோட்டத்துக் கிணறு வெட்டும்போது கல்லை வெடி வைத்து உடைத்ததைச் சின்ன வயதில் காதைப் பொத்திக்கொண்டு பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட கல்லின் மேல் ஒரு முன்பள்ளி நிற்காதா என்று எனக்குத் தோன்றியது. அந்தக் கல்லுக்குள் ஓட்டைகள் உண்டு, அடியே தெரியாத கிணறுகள் உண்டு, நிலத்துக்குக் கீழே தண்ணீர் எங்கெங்கோ ஓடுகிறது என்பதும் எனக்குத் தெரியும். குடாநாட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதைக் கதையாகத்தான் தெரிந்து வைத்திருந்தேன். தாளில் எழுத வேண்டிய விசயமாக அது என் மனதில் வரவில்லை.

அந்த வளவில் ஒரு குடும்பம் இருந்தது. பழைய வீட்டின் பின்பக்கத்து அறைக்குத் தகரம் போட்டுக்கொண்டு, காணியைப் பார்த்துக்கொள்ளும் ஆட்களாக ஒரு பெண்ணும் அவளுடைய நான்கு வயது மகளும் இருந்தார்கள். கணவன் வவுனியாவில் மேசனோடு கூலி வேலை, மாதத்தில் ஒருமுறை வருவான். அவள் தோட்டங்களில் வெங்காயம் நடவும் களை பிடுங்கவும் போவாள். நான்கு ஆடுகள் வைத்திருந்தாள். நான் அளக்கப் போன முதல் நாள் எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்து, அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்தவள் அவள்தான். அவள் பிடித்துத் தந்த அளவை வைத்து நான் வரைந்த படத்தில், அவளுடைய அறை இருந்த இடத்துக்குக் களஞ்சிய அறை என்று பெயர் போட்டேன். அதை அவளுக்கு நான் சொல்லவில்லை.

கட்டட வேலை தொடங்குவதற்கு முன், மாரி வரும் முன்னரே, மழைநீர்க் குழியை வெட்டிவிடலாம் என்று நான்தான் சொன்னேன். வளவில் விழும் மழை முழுவதையும் ஒரு வாய்க்காலால் சேர்த்து ஒரு குழிக்குள் விட்டால் அது மெல்ல மெல்ல ஊறி நிலத்தடி நீரோடு சேரும். யாழ்ப்பாணத்தில் கிணறுகள் உவராகிக்கொண்டு வரும் காலத்தில் இதைவிட நல்ல காரியம் என்ன இருக்கிறது. ஆள் உயரத்துக்குமேல் தோண்டி, கல்லைக் கண்டதும் நிறுத்தி, உடைகல்லால் நிரப்பினோம். தகரக் கூரைத் தண்ணீர், முற்றத்துத் தண்ணீர் எல்லாம் அதற்குள் போகும்படி வாய்க்கால் கட்டினோம். குழுவினர் வந்து அதற்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படத்தில் நான் நடுவில் நிற்கிறேன். எல்லோரையும்விட அகலமாகச் சிரிப்பவளும் நான்தான்.

கார்த்திகையில் வங்கக் கடலில் தாழமுக்கம் வந்தது. விடாமல் மழை. மூன்றாம் நாள் அந்தப் பெண் எனக்கு ஃபோன் எடுத்தாள்.

"அக்கா, நீங்கள் வெட்டின குழியிலை தண்ணி நிக்கேல்லை. எவ்வளவு போனாலும் குடிச்சுக்கொண்டே இருக்குது."

எனக்குச் சந்தோசம். நல்ல நிலம், வேகமாக உறிஞ்சுகிறது என்று நினைத்தேன். ரீச்சருக்கும் உடனே சொன்னேன், அவரும் சந்தோசப்பட்டார். வாய்க்காலை இன்னும் கொஞ்சம் நீட்டி வீதியோரத்துத் தண்ணீரையும் உள்ளே எடுக்கலாமா என்றுகூட அன்றைக்கு யோசித்தேன்.

ஐந்தாம் நாள் காலை மறுபடியும் அவள். குரல் மாறியிருந்தது. விடியப் படுக்கையால் எழும்பும்போது நிலத்துக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டதாம், யாரோ பெருமூச்சு விட்டதுபோல. ஆடுகள் எல்லாம் ஒன்றாக எழுந்து நின்றுகொண்டனவாம். நான் காற்றாக இருக்கும் என்றேன். மழைக்குத் தகரம் அப்படித்தான் சத்தம் போடும் என்றேன். அவளும் ஓம் என்றாள். ஃபோனை வைக்கப் போகும்போதுதான், பெரிய விசயமில்லை என்பதுபோல, இன்னொன்றைக் கேட்டாள். கிணற்றுத் தண்ணீர் சிவந்துபோய்க் கிடக்கிறது, கொதிக்க வைத்தால் குடிக்கலாமா என்று.

குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் இருபது அடி தூரம் இருக்கும். மண்ணுக்குள்ளால் ஊறிப் போகும் தண்ணீர் வடிந்து தெளிந்துதான் போய்ச் சேரும். சேர மாதக்கணக்காகும். ஐந்து நாளில் கிணறு சிவந்ததென்றால் தண்ணீர் ஊறிப் போகவில்லை, ஓடிப் போயிருக்கிறது. போகும்போது மண்ணையும் கொண்டு போயிருக்கிறது. மண் போன இடத்தில் இப்போது என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. அந்த ஒன்றுமில்லாததற்கு மேல் அவர்கள் இரண்டு பேரும் இருந்தார்கள்.

"தண்ணியைக் குடியாதேங்கோ. பிள்ளையை வீட்டுக்குள்ளை வைச்சிருங்கோ. நான் இப்ப வாறன்" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் வீட்டுக்குள் வைத்திருக்கச் சொன்னதும் சரியா என்று யோசித்தேன். திருப்பி ஃபோன் எடுத்தேன், அவள் எடுக்கவில்லை.

ஸ்கூட்டியில் போனேன். மழையில் முன்னால் என்ன வருகிறதென்று தெரியவில்லை. வழியெல்லாம் தோட்டங்கள் சிவப்பாக நிரம்பிக் கிடந்தன. எனக்குத் தெரிந்த வீதி, பள்ளிக்கூடம் போன வீதி. அன்றைக்கு முதல் தரம் அதன் மேல் போகப் பயமாக இருந்தது. ஒரு குழியில் சில்லு இறங்கியபோது தொண்டைக்குள்ளிருந்து என்னை அறியாமல் சத்தம் வந்தது.

வளவுக்குள் போய் முதலில் கிணற்றைப் பார்த்தேன். தண்ணீர் வழமையைவிட ஏறி, பால்தேத்தண்ணி போலக் கலங்கி, மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது. கிணற்றில் தண்ணீர் சுழலக் காரணம் இல்லை.

திரும்பிப் பார்த்தபோது அந்தச் சின்னப் பிள்ளை மழைநீர்க் குழியின் உடைகல்லுக்கு மேல் நின்றுகொண்டிருந்தாள். ஒரு பொலித்தீன் பையைத் தலையில் போட்டுக்கொண்டு, வாய்க்கால் தண்ணீர் கற்களுக்குள் இறங்கி மறைவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கற்கள் நாங்கள் நிரப்பிய மட்டத்தில் இல்லை, நடுவில் ஒரு தாச்சிச் சட்டிபோலத் தாழ்ந்திருந்தன. பிள்ளை அந்தத் தாழ்வின் விளிம்பில் நின்றாள்.

கத்த வேண்டும்போல வந்தது. கத்தினால் அவள் வெருண்டு துள்ளுவாள், அல்லது தாயைப் பார்த்து ஓடுவாள் என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். நான் ஓடிப் போய்த் தூக்கலாம் என்றால் என் பாரமும் அதற்கு மேல் விழும். அப்படியே கிணற்றடியில் குந்தி, கையை நீட்டி, எவ்வளவு மெதுவாகக் கதைக்க முடியுமோ அவ்வளவு மெதுவாக, "இஞ்சை வாங்கோ பிள்ளை. ஓடாமல், மெல்ல நடந்து வாங்கோ" என்றேன்.

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். என்னைத் தெரியும் அவளுக்கு, நான் போகும்போதெல்லாம் பிஸ்கட் கொண்டு போவேன். பிறகு ஒவ்வொரு கல்லாகக் காலை வைத்து, விளையாட்டுப்போல, இரண்டு காலையும் சேர்த்துக் குதித்துக் குதித்து வந்தாள். ஒவ்வொரு குதிப்புக்கும் கற்கள் உரசும் சத்தம் எனக்குக் கேட்டது. கையில் அவள் வந்து சேர்ந்ததும் தூக்கிக்கொண்டு வாசல் படலை வரைக்கும் போய்த்தான் இறக்கினேன். அவளோடு சேர்ந்து நானும் ஈரநிலத்தில் குந்திவிட்டேன். தாய் அறைக்குள்ளிருந்து குடையோடு வந்தாள். என்ன அக்கா, சுகமில்லையா என்று என்னைத்தான் கேட்டாள்.

ஆட்டுக் கட்டை அடிக்க அவள் வைத்திருந்த நீட்டு இரும்பு அலவாங்கை வாங்கிக் கயிறு கட்டினேன். குழியைச் சுற்றி, தூர நின்றபடி, நிலத்தில் குத்திப் பார்த்துக்கொண்டு போனேன். மூன்று இடத்தில் கல்லில் பட்டது. நான்காவது இடம் அவளுடைய அறைக்கும் குழிக்கும் நடுவில். அங்கே அலவாங்கு ஈரமண்ணுக்குள் இறங்கி, இறங்கி, பிறகு ஒரு தடையும் இல்லாமல் என் கையை விட்டுப் போயிற்று. கயிறு விரலைச் சுட்டுக்கொண்டு ஓடி நின்றது. இழுத்தபோது அலவாங்கு ஒன்றிலும் முட்டாமல் ஆடியது.

இருவரையும் உடனே வெளியே போகச் சொன்னேன். அவள் போகமாட்டேன் என்றாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது, அவளுக்கும் பயம் இருந்தது, ஆனால் அது வேறு பயம். நிலம் விழும் என்பது அல்ல, நாங்கள் அவளை அங்கிருந்து எழுப்பப் பார்க்கிறோம் என்பது. பக்கத்து வளவுக்காரர் முன்னமே சொல்லி வைத்திருக்கிறார்கள், கட்டடம் வந்தால் உன்னை ஏதாவது சாட்டுச் சொல்லி அனுப்புவார்கள் என்று.

"காணி வேணுமெண்டால் நேரை சொல்லுங்கோ அக்கா. நிலம் விழுகுது எண்டு ஏன் சொல்லுறியள்? எத்தினை தரம் எழும்பிறது? வன்னியிலை எழும்பினம். முகாமிலையிருந்து எழும்பினம். மாமி வீட்டாலை எழும்பினம். இனிப் பிள்ளையையும் கொண்டு எங்கை போறது?"

அவளிடம் பொய் சொல்லவில்லை என்று சத்தியம் செய்ய என்னால் முடியவில்லை. களஞ்சிய அறை என்று எழுதிய படம் என் பையில் இருந்தது. கயிற்றை அவளிடமே கொடுத்து இழுத்துப் பார்க்கச் சொன்னேன். அவள் இழுத்தாள். அலவாங்கு கீழே எங்கோ ஆடுவது அவள் கைக்கும் தெரிந்திருக்கும். முகம் மாறியது, ஆனாலும் கயிற்றை வேம்பில் சுற்றிவிட்டு அறை வாசலில் போய் நின்றாள். நான் ரீச்சருக்கு ஃபோன் எடுத்தேன்.

ரீச்சர் ஓட்டோவில் வந்தார். அவர் வரும்வரை நாங்கள் மூவரும் வளவுக்குள்ளேயே நின்றோம், நான் படலையில், அவள் அறை வாசலில். பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு தாயிடம் போகவேண்டும் என்று இழுத்தது. அவ்வளவு நேரமும் நான் அறைக்கும் குழிக்கும் இடையிலான பத்தடி செம்மண்ணைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். மழை விழும்போது அது கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதுபோலவே எனக்குத் தெரிந்தது. இறங்கவில்லை, கண்தான் அப்படிக் காட்டியது. ஆனால் எது கண், எது நிலம் என்று அப்போது யாரால் சொல்ல முடியும்?

ரீச்சர் குடையைப் பிடித்தபடி எல்லாவற்றையும் கேட்டார். எவ்வளவு ஆழம் என்று என்னைக் கேட்டார். தெரியாது என்றேன். பிறகு வேலியோரமாகச் சுற்றி அறை வாசலுக்குப் போய் அவளோடு கதைத்தார்.

"பிள்ளை, இந்தக் காணியாலை உங்களை எழுப்பிறதெண்டால் நான் கடிதம் எழுதித் தந்துதான் எழுப்புவன். இண்டைக்கு அதுக்கு வரேல்லை. என்ரை வீட்டிலை ஒரு அறை சும்மா கிடக்கு. ஆடுகளையும் கொண்டு வாங்கோ."

அவள் திரும்பி அறைக்குள் சுவரைப் பார்த்தாள். அங்கே ஒரு பிள்ளையார் படம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது, கீழே சின்ன விளக்கு. வேதக்கார வீடு, கிறிஸ்தவ வீடு என்று தயங்குகிறாள் என்பது எனக்கே விளங்கியது.

"முதல் அந்தப் படத்தை எடுங்கோ" என்றார் ரீச்சர். "மழையிலை நனையாமல் நான் பிடிக்கிறன்."

உடுப்புப் பை, சமையல் சாமான், நான்கு ஆடுகள், ஒரு பிள்ளையார். ஓட்டோ இரண்டு தரம் ஓட வேண்டியிருந்தது.

மழை விட்ட பிறகு குழு தேவாலய மண்டபத்தில் கூடியது. நடந்ததை நான் சொன்னேன். பிறகு ஓய்வுபெற்ற வங்கி உத்தியோகத்தர் ஒருவர், பங்கராகத்தான் இருக்கும், பழைய பதுங்குகுழி என்றார். சண்டைக்காலத்தில் அந்தப் பக்கம் பங்கர் இல்லாத வளவே இல்லையாம். தென்னங்குத்தி போட்டு மூடி, மேலே மண்ணைப் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள், குத்தி உக்கியதும் மண் இறங்குகிறது. கல்லைப் போட்டு நிரப்பி இறுக்கினால் சரி, வேலையைத் தொடங்கலாம். மண்டபத்தில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. எனக்கும் வந்தது.

அந்த நிமிடத்தை நான் ஒளிக்க விரும்பவில்லை. பங்கர் என்ற சொல்லில் ஏறி இருந்துவிடலாம் என்று எனக்கு ஆசையாக இருந்தது. பங்கர் என்றால் என் தாள் சரி, என் கையெழுத்துச் சரி. எங்களுக்குப் பழகிய பயம் அது. யார் வெட்டினார்கள், ஏன் வெட்டினார்கள், எவ்வளவு ஆழம் என்று எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஓம் என்று தலையாட்டியிருந்தால் அடுத்த மாதம் அத்திவாரம் வெட்டியிருப்பார்கள். தை பிறந்து சித்திரைக்குள் கூரை ஏறியிருக்கும். நாற்பது பிள்ளைகள் நிலத்தில் பாய் விரித்துப் படுத்து மத்தியான நித்திரை கொண்டிருப்பார்கள். அந்தப் பாய்களை நான் கண்ணால் கண்டேன்.

"பங்கர் கிணத்துத் தண்ணியைச் சிவக்க வைக்காது" என்றேன். "குழி வெட்டச் சொன்னது நான். நிலம் உறுதியெண்டு எழுதினதும் நான். பாக்காமல் எழுதினனான். துளை போட்டுப் பாக்கும்வரைக்கும் அங்கை ஒருத்தரும் கால் வைக்கக்கூடாது."

யாரும் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது என்றிருந்தது. ரீச்சர் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, எப்போது துளை போடலாம் என்று கேட்டார்.

நிலம் கொஞ்சம் காய்ந்ததும் குழாய்க்கிணறு அடிக்கும் அண்ணை ஒருவர் இயந்திரத்தோடு வந்தார். முப்பது வருடமாகக் குடாநாடெல்லாம் துளைத்தவர். முதல் துளையை வீதிப் பக்கம் போட்டோம், கல் திடமாக இருந்தது. எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. இரண்டாவதைப் பிள்ளைகளின் பெரிய அறை வரவேண்டிய இடத்தில் போடச் சொன்னேன். கல்லைத் துளைத்துக்கொண்டு போன கம்பி திடீரென்று கீழே விழுந்தது. இயந்திரம் முழுவதும் ஒருமுறை முன்னுக்குக் குலுங்கியது. அண்ணை எஞ்சினை நிறுத்தினார். அந்த அமைதியில் குழாய்க்குள்ளிருந்து ஒரு காற்று வரும் சத்தம் கேட்டது. நான் கையில் வைத்திருந்த குறிப்புத் தாளைக் குழாய் வாயில் பிடித்தேன். அது படபடத்தது. வந்த காற்று குளிராக இருந்தது.

அவர் நூலில் கல்லைக் கட்டி இறக்கிப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று, கையைத் துடைத்து, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"கீழை ரெண்டு ஆள் ஒருத்தற்றை தோளிலை ஒருத்தர் நிக்கலாம் தங்கச்சி. அகலம் எவ்வளவெண்டு எனக்குத் தெரியாது. நான் மிசினை எடுக்கப் போறன். எல்லாரும் ஒண்டாப் போகாமல் ஒவ்வொருத்தரா வேலியோரத்தாலை போங்கோ."

ரீச்சர் முதலில் போனார். நான் கடைசியாகப் போக நின்றேன். படலை ஐம்பது அடிதான் இருக்கும். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் காலை மெல்ல ஊன்றி, பாரத்தைக் கொடுக்கலாமா என்று யோசித்து, மற்றக் காலை எடுத்தேன். எனக்குக் கீழே அந்தக் குளிர்ந்த காற்று இருந்த வெளி எங்கே முடிகிறது என்று தெரியாது. வேலிக்கு அப்பாலும் இருக்கலாம். வீதிக்குக் கீழும் இருக்கலாம். பஸ் ஒன்று ஆட்களோடு கடந்து போனது. அதைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ நாள் எனக்கு நடை சரியாக வரவில்லை. வீட்டில் குசினியில் சமைத்துக்கொண்டே சீமெந்துத் தரையைக் குதிக்காலால் தட்டிப் பார்ப்பேன். கணவர் முதலில் சிரித்தார். ஒருநாள் குளியலறைத் தண்ணீர் வடியும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் நெடுநேரம் நின்றதைக் கண்டபிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டார். உரும்பிராயில் அப்பாவின் தோட்டக் கிணற்றைப் போய் எட்டிப் பார்ப்பேன். தண்ணீர் தெளிவாக இருக்கும். திரும்பி வந்து இரண்டு நாளில் மறுபடியும் போவேன்.

உரிய அலுவலகங்களுக்கு எழுதினோம். மழைநீர் வாய்க்காலை உடைத்து, தண்ணீர் ஓரிடத்தில் சேராமல் வளவு முழுவதும் பரவ விட்டோம். வளவைச் சுற்றிக் கம்பி அடித்து ஒரு பலகை வைத்தோம். உரிமையாளருக்கு ரீச்சர் நீண்ட கடிதம் எழுதினார். பதில் சுருக்கமாக வந்தது.

முன்பள்ளிக்கு இடிந்த சங்கக்கடைக் காணியை எடுத்தோம். இந்தமுறை பல இடத்தில் துளை போட்டேன், ஒரு மாரி முழுவதும் காத்திருந்தேன். ஒவ்வொரு மழைக்கும் போய் அயல் கிணறுகளையெல்லாம் எட்டிப் பார்த்தேன். குழுவில் சிலருக்குப் பொறுமை போய்விட்டது. வேறு எந்திரியைப் பிடிக்கலாம் என்று கதை வந்ததாக ரீச்சரே எனக்குச் சொன்னார். ஆனால் பிடிக்கவில்லை. இப்போது அங்கே கட்டடம் நிற்கிறது. நீண்ட கூரை, வெளிச்சம் வரும் பெரிய யன்னல்கள், சுற்றிவரப் புல் முளைத்த ஆழமில்லாத வாய்க்கால்கள். பிள்ளைகள் பிரதான வீதியிலிருந்து தாய்மாரோடு நடந்து வருகிறார்கள். பார்க்க வருபவர்கள் நல்ல இடம் தெரிந்தெடுத்திருக்கிறீர்கள் என்கிறார்கள். நான் ஓம் என்கிறேன். மழை பெலத்தால் அலுவலகத்தில் இருக்க முடிவதில்லை. ஏதாவது சாட்டுச் சொல்லிக்கொண்டு பஸ் ஏறி அங்கே போய்விடுவேன். அங்கே படிப்பிக்கும் வாத்தியார்ப் பிள்ளைக்கு இப்போது பழகிவிட்டது, என்னைக் கண்டதும் முன்பள்ளிக் கிணற்றின் மூடியைத் திறந்து வைத்துவிடுகிறாள்.

பழைய வளவில் இருந்த அந்தப் பெண் ரீச்சர் வீட்டில் மூன்று கிழமைதான் இருந்தாள். பிறகு, கட்டடம் முடிந்ததும், முன்பள்ளியில் சமையலுக்கு ஆள் வேண்டும், பின்னால் அறையும் உண்டு என்று சொல்லிப் பார்த்தோம். தோட்ட வேலையும் ஆடுகளுக்குத் தீனியும் உரும்பிராயில்தானே என்று வரவில்லை. கணவனின் சொந்தக்காரர் வீட்டில் சுவரோடு ஒரு சாய்ப்புப் பத்தி இறக்கிக்கொண்டு இருக்கிறாள். பழைய அறையைவிடச் சின்னது. மகள் முதலாம் வகுப்புக்குப் போகிறாள்.

போன மாதம் உரும்பிராய்ச் சந்தியில் அவளைக் கண்டேன். தலையில் புல்லுக்கட்டு. சுகம் விசாரித்தாள், அப்பாவைப் பற்றிக் கேட்டாள். பிறகு, கண்ட நேரமெல்லாம் கேட்பதையே கேட்டாள்.

"அக்கா, அந்த அறை விழுந்திட்டுதோ?"

"இல்லை" என்றேன்.

இரண்டு மாரி போய்விட்டது. குழி இன்னும் கொஞ்சம் தாழ்ந்ததோடு நின்றுவிட்டது. அறை அப்படியே நிற்கிறது, தகரம்கூடக் கழன்று போகவில்லை. நாளைக்கும் நிற்கலாம், இன்னும் நூறு வருடம் நிற்கலாம். இதை நான் அவளுக்கு எப்படி விளங்கப்படுத்துவது என்று தெரியவில்லை. அவள் கோபமாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே அறிய ஆசைப்பட்டுத்தான் கேட்கிறாள். ஆனால் ஒவ்வொரு முறையும் இல்லை என்று சொல்லும்போது நான் அவளிடமிருந்து ஏதோ பறித்துவிட்டவள்போல நிற்கிறேன்.

ரீச்சரிடம் ஒருமுறை ஒன்றைச் சொன்னேன், வேறு யாரிடமும் சொன்னதில்லை. அந்தக் கம்பி வேலியைக் கடந்து போகும்போதெல்லாம் உள்ளே எட்டிப் பார்க்கிறேன், அறை விழுந்து கிடக்கவேண்டும் என்று மனம் கேட்கிறது, அப்படிக் கேட்கிற மனத்துக்குத்தான் இப்போது அதிகம் பயப்படுகிறேன் என்று. ரீச்சர், தானும் அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போது எட்டிப் பார்ப்பதாகச் சொன்னார்.

அன்றைக்குச் சந்தியில் அவள் புல்லுக்கட்டைச் சரிசெய்துகொண்டு, "சரி அக்கா, மழைக்கு முதல் போகவேணும்" என்றாள். வானம் கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. அவள் தோட்டங்களுக்குள்ளால் போகும் குறுக்கு வழியில் இறங்கி, செம்மண்ணில் விறுவிறென்று நடந்து போனாள். நான் முன்பள்ளிக்குப் போகச் சாவகச்சேரி பஸ்ஸை மறித்தேன்.